வெள்ளைக்கு ரெண்டு பேர்

தோல் பதனிடும் எங்கள் தோல் ஷாப்பில் கலர் பார்க்கும் அறைக் கதவின் உள்பக்கம் ஒரு அட்டை தொங்குகிறது. அதில் மூன்றே வரி: "வெள்ளைக்கு ரெண்டு பேர். அதுல ஒருத்தர் சின்ன வயசு. சீட்டு இல்லாம சொட்டு இல்ல." போன மாதம் அந்த அறைக்கு நிறம் அளக்கும் மெஷின் வந்திறங்கியிருக்கிறது. தோல்மேல் வைத்து அமுக்கினால் நம்பராகச் சொல்கிறதாம். புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் ஒருத்தி, ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் எனக்குப் போன் செய்தாள்.

"பாய், மெஷின்தான் வந்துருச்சேன்னு அந்த அட்டையைக் கழட்டப் போனேன். கை வெச்சா கையை ஒடிச்சிருவேன்னு எங்க இன்சார்ஜ் அக்கா கத்துறாங்க. ஏன்னு கேட்டா, கமால் பாய்கிட்ட கேட்டுக்கோங்கறாங்க. அப்படி என்னதான் பாய் இருக்கு அதுல?"

என்ன இருக்கிறதா? என் மானம் இருக்கிறது, தாயே. நாற்பத்திரண்டு வருஷத்தில் நான் செய்த ஒரே அயோக்கியத்தனம் இருக்கிறது. மனுஷக் கண்ணை நினைத்து நான் வாயைப் பிளந்து நின்ற கதையும் அதில்தான் இருக்கிறது. போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல் பேகம்பூர்காரன். பத்தாவது முடித்ததும் அத்தா என்னைக் கூட்டிப்போய்த் தோல் தரம் பிரிக்கிற மேஜையில் நிறுத்திவிட்டு, "பார்த்துப் பழகிக்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார். பழகிக்கொண்டேன். சில வருஷத்தில் கலர் அறைக்கு மாற்றினார்கள். இன்னும் சில வருஷத்தில் எனக்கு 'கண்ணு பாய்' என்று பெயரே வந்துவிட்டது. இரண்டு அரக்குக்கு நடுவில் மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் தூரத்திலிருந்தே பிடித்துவிடுவேன். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது, மறைப்பானேன்.

வேலை இதுதான். தோல் வாங்குகிற கம்பெனி தனக்கு வேண்டிய நிறத்தில் உள்ளங்கை அகலத் துண்டு ஒன்றை அனுப்பும். அதை மாஸ்டர் என்போம். வெளிச்சம் பட்டால் நிறம் போய்விடும் என்று அதைக் கறுப்பு உறைக்குள் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டுவோம். கலவைக்காரர் ஒரு கப்பில் சாயம் கலந்து, கழிவுத் தோலில் பூசிக் காயவைத்துக் கொண்டுவருவார். அதையும் மாஸ்டரையும் ஒட்டி ஒட்டி, நடுவில் கோடு தெரியாமல், சாம்பல் பெயிண்ட் அடித்த ஒரு பெட்டிக்குள் வைப்பேன். பெட்டிக்குள் மூன்று விளக்கு: பகல் வெளிச்சம் மாதிரி ஒன்று, கடை ட்யூப் லைட் ஒன்று, வீட்டு மஞ்சள் பல்பு ஒன்று. ஒவ்வொன்றிலும் செத்த நேரம்தான் பார்க்க வேண்டும். முறைத்துக்கொண்டே நின்றால் கண் ஏமாந்துபோகும். பார்த்ததும் திரும்பிச் சாம்பல் சுவரைப் பார்க்க வேண்டும். பிறகு இடதை வலதாக மாற்றி வைத்து மறுபடி பார்க்க வேண்டும்.

இந்த முறையெல்லாம் எங்களுக்குச் செல்வநாயகி மேடம் வந்த பிறகு வந்தவை. மேடம் ஒட்டன்சத்திரம் பக்கம். கெமிஸ்ட்ரி படித்துவிட்டு எங்கள் லேபுக்குத் தலைமையாக வந்தவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. யார் எந்த நிறத்தைச் சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "எந்த வெளிச்சத்துலங்க?" கேன்டீனில் ஒருவன் சாம்பார் நல்ல கலரா இருக்கு என்றதற்கும் அதையேதான் கேட்டார். கஷ்டமான விஷயம் சொல்லப்போகிறார் என்றால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார்.

சேர்ந்த முதல் வாரம் அவர் என்னைக் கூப்பிட்டார். சந்தன நிற அட்டை ஒன்று, கறுப்பு அட்டை ஒன்று. இரண்டின் நடுவிலும் பாக்கு நிறத் தோல் வட்டம் ஒவ்வொன்று.

"எது பாய் அடர்த்தி?"

"இதெல்லாம் ஒரு கேள்வியா மேடம்? சந்தன அட்டையில இருக்கிறதுதான்."

இரண்டு வட்டத்தையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒரே தோலில் வெட்டிய ஒரே நிறம். ஏதோ கை வித்தை செய்கிறார் என்று நினைத்து, நானே கத்திரி எடுத்து ஒரு வட்டத்தை இரண்டாக வெட்டி, ஆளுக்கொரு அட்டையில் பாதியை வைத்துப் பார்த்தேன். அப்போதும் சந்தன அட்டையில் இருந்த பாதி அடர்த்தியாகத்தான் தெரிந்தது.

"தெரிஞ்சப்புறமும் மாற மாட்டேங்குதே மேடம்!"

"மாறாதுங்க. கண்ணு கேமரா இல்லைங்க பாய். பக்கத்துல என்ன இருக்குது, வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னு எல்லாத்தையும் பார்த்து, மூளை ஒரு கணக்குப் போட்டுத்தான் நமக்குக் கலரைச் சொல்லுது. தக்காளி வெயில்லயும் சிவப்பு, நிழல்லயும் சிவப்பு. அது எப்படீங்க? தக்காளியில இருந்து வர்ற வெளிச்சம் ரெண்டு இடத்துலயும் ஒண்ணா என்ன?"

அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு தக்காளியை எடுத்துக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். "குழம்புல போடணும், குடுத்துட்டு விளையாடுங்க" என்று என் மனைவி மெஹருன் பிடுங்கிக்கொண்டாள். எனக்கானால் உடம்பு சிலிர்த்தது. அத்தனை வருஷம் சோறு போட்ட கண் உள்ளுக்குள் இப்படி ஒரு வேலை பார்ப்பது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது.

மேடத்தோடு இருந்த காலம் முழுக்க இப்படி அதிசயம்தான். சாதாரண ஆட்டுத் தோலில் முதலைத் தோல் வரி அச்சை அழுத்தி வைப்போம். வாங்க வந்தவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்ல கனம்" என்பார். கண்ணைக் கட்டிக்கொண்டு தொடச் சொன்னால் அதே விரல் கனத்தைச் சொல்லாது. "கண்ணு சொன்னதைத்தானுங்க விரல் ஒப்பிக்குது" என்று மேடம் சிரிப்பார். அந்தத் தோலில் பை தைக்கிற நூலையும் கேட்டு வாங்கி, அந்த நூலைப் பக்கத்தில் வைத்துத்தான் தோலின் நிறத்தை முடிவு செய்ய வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார்.

ஆனால் ஒரே ஒரு பழைய பழக்கத்தை அவராலும் மாற்ற முடியவில்லை. கலவையின் அளவு நோட்டில் எழுதியிருக்கும். திருத்தம் மட்டும் வாய்ச் சொல். கப்பைக் கொண்டுவருவார்கள், நான் பார்ப்பேன், "ஒரு சொட்டு சிவப்பு" என்பேன், ஊற்றுவார்கள். கப்பில் ஒரு சொட்டு என்றால் டிரம்மில் ஒரு குவளை. எழுதிக் கொடுங்கள் என்று மேடம் எத்தனையோ தடவை சொன்னார். "கண்ணு பாய் சொல்லுக்குச் சீட்டு எதுக்கு மேடம்?" என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன்.

வெள்ளைக் கலவை பார்த்தவள் முத்துலட்சுமி. நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். குடும்பமே மல்லிகைத் தோட்டத்தில் மொட்டுப் பறிக்கிற குடும்பம். விடியற்காலையில் செடியில் இருக்கிற மொட்டுகளில் எது இன்றைக்குச் சாயங்காலம் பூக்கும், எது நாளைக்கு என்பதை நிறத்தை வைத்தே பிரித்துப் பறிக்க வேண்டும். பச்சை ஓடினால் நாளைக்கு, பால் வெள்ளை என்றால் இன்றைக்கு. விவரம் தெரிந்த நாளிலிருந்து வெள்ளையைப் பார்த்து வளர்ந்தவள். எங்களிடம் ஆறு வருஷம் கப்புக் கழுவி, தோல் துடைத்து, அப்புறம்தான் கலவை மேஜைக்கு வந்தாள். அந்த மேஜையில் உட்கார்ந்த முதல் பெண் அவள்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் வெள்ளைச் செருப்புத் தோலுக்குப் பெரிய ஆர்டர் வந்தது. வெறும் வெள்ளைச் சாயம் லேசாகப் பழுப்படிக்கும். வேட்டிக்கு நீலம் போடுகிற மாதிரி இதிலும் துளி நீலம் சேர்த்தால்தான் வெள்ளை வெள்ளையாக இருக்கும். அந்த மாதம் வழக்கமான நீலம் கிடைக்காமல் வேறு கம்பெனி நீலம் வந்திருந்தது. மேடம் தன் மகள் கல்யாணத்துக்காக ஒரு மாத லீவில் இருந்தார்.

முத்துலட்சுமி முதல் கப்பைக் கொண்டுவந்தாள். மாஸ்டர் பக்கத்தில் வைத்தேன். பழுப்படித்தது.

"நீலம் பத்தலை. ஒரு சொட்டு."

"பாய், சரியாத்தான இருக்கு? மொட்டு மாதிரி இருக்கு பாருங்க."

"கண்ணு எனக்கா ஒனக்கா? ஊத்தும்மா."

ஊற்றினாள். மறுபடியும் பத்தவில்லை. மறுபடி ஒரு சொட்டு. அப்போதும் பத்தாமல் மூன்றாவது சொட்டு கேட்டேன். அவள் முகம் சுருங்கியது. "இது நீலம் தூக்கலாப் போகுது பாய். என் மேல பழி வந்துராம" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கத்தினேன். அவள் ஊற்றினாள். இப்போது மாஸ்டரும் தோலும் ஒன்றுபோல இருந்தன, நடுவில் கோடுகூடத் தெரியவில்லை. பாஸ் முத்திரை குத்தினேன். ஆர்டர் மொத்தமும் அந்தக் கலவையில் போனது.

மூன்றே வாரத்தில் அத்தனையும் திரும்பி வந்தது. எல்லாம் நீலமடிக்கிறது என்று.

முதலாளி எல்லாரையும் மேஜையைச் சுற்றி நிற்கவைத்து, திரும்பி வந்த தோலையும் மாஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "என்னய்யா இது, நீலத்துல முக்குன வேட்டி கணக்கா இருக்கு?" என்றார். மேனேஜர் ஆமாம் என்றார். ஸ்ப்ரே அடிக்கிறவர்கள் ஆமாம் என்றார்கள். கணக்குப் பிள்ளைகூட ஆமாம் என்றார்.

எனக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. இரண்டும் ஒரே வெள்ளை. குனிந்து பார்த்தேன், தள்ளி நின்று பார்த்தேன். கணக்குப் பிள்ளைக்குத் தெரிகிற நீலம் கண்ணு பாய்க்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

"பாய், நீலமா இல்லையா?" என்றார் முதலாளி.

"ஆமா" என்றேன். "நீலம்தான்."

"அப்ப எப்படி பாஸ் பண்ணுனீங்க?"

நோட்டைப் புரட்டினார்கள். எழுதியிருந்த அளவைவிட மூன்று பங்கு நீலம் செலவாகியிருந்தது. முத்துலட்சுமி என்னைப் பார்த்தாள். "பாய், நீங்க சொல்லித்தான ஊத்துனேன்?"

"ஒரு சொட்டுன்னு சொன்னேன்" என்றேன், மேஜையைப் பார்த்துக்கொண்டு. "அம்புட்டு ஊத்தச் சொல்லலை. நான் பாஸ் பண்ணுன கப்பு சரியாத்தான் இருந்துச்சு."

சொன்னதை மீறிக் கலந்தாள் என்று அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். விசாரணை முடிந்து அப்படியே கடிதம் கொடுத்துவிட்டால் திண்டுக்கல்லில் எந்தத் தோல் ஷாப்பிலும் அவளுக்குக் கலவை மேஜை கிடைக்காது. திரும்ப மொட்டுப் பறிக்கப் போக வேண்டியதுதான். அவள் டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்பும்போது மெஹருன் வேறு, "வெள்ளைச் சட்டைன்னு சந்தனக் கலர் சட்டையை மாட்டிக்கிட்டுப் போறீங்களே, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நான் வாசல் வெளிச்சத்தில் போய் நின்று பார்த்தேன், எனக்கு அந்தச் சட்டை வெள்ளையாகத்தான் தெரிந்தது.

மேடம் லீவு முடிந்து வந்தார். நடந்ததைக் கேட்டார். விசாரணைக்கு இருபது நாள் அவகாசம் வாங்கினார். பிறகு என்னைத் தனியாக லேபுக்கு அழைத்து, பதினான்கு சின்னத் தோல் வட்டங்களை மேஜையில் பரப்பினார்.

"சந்தன வெள்ளையில ஆரம்பிச்சு நீல வெள்ளை வரைக்கும் வரிசையா அடுக்குங்க பாய். அவசரமில்லைங்க."

அடுக்கினேன். அவர் ஒவ்வொன்றாகத் திருப்பினார். பின்பக்கம் நம்பர் எழுதியிருந்தது. ஒன்று, நாலு, இரண்டு, ஏழு, மூன்று என்று தாறுமாறாக இருந்தது. பிறகு அவர் கலைத்துவிட்டுத் தானே அடுக்கினார். ஒன்றிலிருந்து பதினான்கு வரை பிசகாமல் வந்தது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுதே மேடம்! காகிதம் வெள்ளையாத் தெரியுது, செவுரு வெள்ளையாத் தெரியுது" என்றேன்.

"அதுதானுங்க விஷயமே. வயசானா, சுகர் இருந்தா, கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸ் மெதுவா மஞ்சளாகும். ஒரே நாள்ல ஆனா தெரிஞ்சிருமுங்க. பத்து வருஷமாக் கொஞ்சங் கொஞ்சமா ஆகறதால மூளை அதுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டு, வெள்ளையை உங்களுக்கு வெள்ளையாவே காமிச்சிட்டு இருக்குது. உங்க மூளை உங்களுக்கு உதவிதானுங்க பண்ணியிருக்கு."

"அப்ப இத்தனை வருஷம் சரியாத்தான பாஸ் பண்ணுனேன்?"

"மாஸ்டரும் பழைய நீலம், கலவையும் பழைய நீலம். மஞ்சள் வழியாப் பார்த்தா ரெண்டும் ஒரே மாதிரி மாறும். தப்பு வெளியவே வராதுங்க. இப்ப வந்தது வேற நீலம். அது மத்தவங்க கண்ணுக்கு மாஸ்டரோட ஒத்துப்போகும், மஞ்சள் வழியாப் பார்த்தா ஒத்துப்போகாது. மொத கப்பு சரியாத்தானுங்க இருந்திருக்கும்."

மொட்டு மாதிரி இருக்கு பாருங்க என்று அவள் சொன்னது காதில் கேட்டது.

மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். "புரை நல்லாப் பழுத்திருக்கே, எப்படி இத்தனை நாள் வேலை பார்த்தீங்க?" என்றார் டாக்டர். முதலில் வலது கண்ணில் மட்டும் ஆபரேஷன் ஆனது. மறுநாள் காலை கண்கட்டை அவிழ்த்தார்கள். அல்லாஹ்வே! நர்ஸ் போட்டிருந்த உடுப்பைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்படி ஒரு வெள்ளையை நான் மறந்தே போயிருந்தேன். வலது கண்ணை மூடினால் அதே உடுப்பு டீத்தண்ணீரில் முக்கியெடுத்த மாதிரி. இடது கண்ணை மூடினால் பால். ஒரே உடுப்பு, ஒரே ஜன்னல், ஒரே மண்டை. மாற்றி மாற்றி மூடித் திறந்துகொண்டே இருந்தேன். அந்தப் பெண் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முந்தின நாள்வரை அந்த டீத்தண்ணீரைத்தானே என் மூளை வெள்ளை என்று சொல்லி என்னைச் சமாதானமாக வைத்திருந்தது!

ஒரு வாரம் வீட்டில் இருந்துவிட்டு லேபுக்குப் போனேன். திரும்பி வந்த தோலை மாஸ்டர் பக்கத்தில் வைத்தேன். இடது கண்ணுக்கு இரண்டும் ஒன்று. வலது கண்ணுக்குத் தோல் பளிச்சென்று நீலம். முதலாளி சொன்ன மாதிரி நீலத்தில் முக்கியெடுத்த வேட்டியேதான்.

மேடம் ஸ்வீட் பெட்டியில் சுற்றுகிற மஞ்சள் கண்ணாடிக் காகிதத்தை எடுத்து இரண்டு மடிப்பாக மடித்தார். "இது வழியா முதலாளியைப் பார்க்கச் சொல்லப்போறேனுங்க. நீங்க பார்த்ததையே அவரும் பார்ப்பாரு. இது கண்ணு செஞ்ச தப்பை நிரூபிச்சிரும்." கண்ணாடியைக் கழற்றினார். "ஆனா அன்னிக்கு நீலம் தெரியுதுன்னு சொன்னீங்களே பாய். அம்புட்டு ஊத்தச் சொல்லலைன்னும் சொன்னீங்களே. அது கண்ணு செஞ்சது இல்லீங்களே. அதை எந்தக் காகிதத்துல காமிக்கறதுங்க?"

எழுதிக் கொடுப்பதற்கென்று மேடம் வைத்திருந்து, நான் அதுவரை தொடாத சீட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். இடது கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன்.

விசாரணையில் முதலாளி மஞ்சள் காகிதம் வழியாகப் பார்த்தார். எடுத்தார், மறுபடி வைத்தார். "அட, ஒண்ணாவுல்ல இருக்கு! நீலம் எங்கய்யா போச்சு?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். எல்லாரும் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். அந்தச் சந்தடி அடங்கியதும் நான் எழுந்து சீட்டை அவர் முன்னால் வைத்தேன். அதில் இருந்தது: "நீலம் மூன்று முறை, முறைக்கு ஒரு சொட்டு. சொன்னது நான். வேண்டாம் என்று முத்துலட்சுமி சொன்னாள். திரும்பி வந்த தோலில் நீலம் எனக்குத் தெரியவில்லை. தெரிகிறது என்று பொய் சொன்னேன். கமாலுதீன்."

முதலாளி இரண்டு தடவை படித்தார். கதவோரம் நின்ற முத்துலட்சுமியிடம் நீட்டினார். அவள் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள்.

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

"மன்னிப்பெல்லாம் பெறகு பார்ப்போம் பாய்" என்றாள். "இந்தச் சீட்டை நான் வெச்சுக்கிறேன். இனிமே சீட்டு இல்லாம ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்."

மறுநாள் அவள் மேஜைக்கு வந்தாள். அட்டையும் அன்றுதான் தொங்கியது, எழுத்து மேடத்துடையது. வெள்ளைக்கு முதல் ஆளாக அவளைப் போடச் சொல்லி நானே கேட்டேன். இடது கண்ணை ஒரு வருஷம் ஆபரேஷன் செய்யாமல் வைத்திருந்தேன். புதிதாக எந்தச் சாயம் வந்தாலும் மேடம் வலதை மூடிப் பார்க்கச் சொல்வார். "வயசானவங்களும் செருப்பு வாங்குவாங்கல்லங்க?" என்பார். என் குறைக்கண்ணுக்கு அப்படி ஒரு மரியாதை செய்தார். அப்புறம் அதற்கும் ஆபரேஷன் ஆனது.

நான் ஓய்வு பெற்ற அன்று டீ, மிக்சர் எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தது. அப்போது கலர் அறைக்கு முத்துலட்சுமிதான் இன்சார்ஜ். மணிபர்ஸிலிருந்து நாலாக மடித்த அந்தச் சீட்டை எடுத்து என்னிடம் கொடுத்தாள்.

"யாருக்கும் காமிச்சதில்லை பாய். காமிச்சா உங்களை விட்டுக்கொடுத்த மாதிரி ஆயிரும். பாருங்க, பழுத்துப் போச்சுல்ல?"

வாங்கிக்கொண்டு பெட்டிக்குள் வைத்தேன். பகல் விளக்கில் பார்த்தேன். ட்யூப் லைட்டில் பார்த்தேன். மஞ்சள் பல்பில் பார்த்தேன். சாம்பல் சுவரைப் பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். முத்துலட்சுமி பக்கத்தில் நின்று அவளும் பார்த்தாள்.

"ஆமா" என்றேன்.

பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.